உச்சி நிறுத்திவைப்பு

வேலை நடக்கிற அலுவலகம் உண்டு, நடக்காத அலுவலகமும் உண்டு. சொல் நிர்ணய வாரியம் இந்த இரண்டிலும் சேராது. அங்கே வேலை நடக்கும், அதனால் வேறு எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வார்கள். எந்தப் பொருளுக்கு எந்தச் சொல் சரி என்று முடிவு கட்டுவது வாரியத்தின் பணி. ஒரு சொல் ஆய்வுக்குப் போய்விட்டால், முடிவு வரும்வரை அந்தக் கட்டடத்துக்குள் அதை ஆய்வுக் குழுவைத் தவிர யாரும் பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை 'குடிநீர்' ஆய்வுக்குப் போயிற்று. வெயில் காலம் முழுக்க அங்கே வேலை பார்த்தவர்கள் வாயைத் திறக்காமல் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவந்தார்கள்.

எதிர்ச் சந்தில் கடை வைத்திருந்த தையல்காரிக்கு இதெல்லாம் தெரியாது. வாரியத்துக் கட்டடத்தின் மேல் ஒரு கோபுரம் உண்டு, சாயங்காலமானால் அதன் நிழல் தன் மிஷின் மேல் விழும் என்பது வரைதான் அவளுக்கும் வாரியத்துக்கும் பழக்கம். அந்தக் கோபுரத்தின் மேலே ஓர் உலோகக் குமிழ் இருந்தது. ஆண்டு விழா வருகிறது, குமிழுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிக்க ஆள் வேண்டும் என்று அவள் தம்பியைக் கூப்பிட்டிருந்தார்கள். தம்பி ஆள் குள்ளம். அதனால்தானோ என்னவோ உயரமான வேலையாகத் தேடித் தேடிப் பிடிப்பான். "எவனும் ஏறாத இடத்துல நிக்கப் போறேன்க்கா" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனான். வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது.

மத்தியானம் மணி ஒன்று தாண்டியும் அவன் சாப்பிட வரவில்லை. பசி தாங்குகிற ஜாதி இல்லை அவன். டப்பாவை எடுத்துக்கொண்டு அவளே வாரியத்து வாசலுக்குப் போனாள். கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்திருந்தாள்.

"உங்க தம்பி மேலதாம்மா இருக்காரு" என்றான் காவலாளி.

"சாப்பிட வரலையே."

"எப்படி வருவாரு? ஏணி கீழ வந்துடுச்சே."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தவனும் அதற்கு மேல் சொல்லவில்லை. "ஸ்டோர்ல கேளுங்க" என்று கையைக் காட்டிவிட்டான்.

ஸ்டோர் கீழ்த்தளத்தில் மூலையில் இருந்தது. அதன் அதிகாரிக்குப் பண்டகக் காப்பாளர் என்று பெயர். அவர் வாசலுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் அலுமினிய ஏணி சுவரில் சாய்ந்து நின்றது. கையெட்டும் தூரம்தான்.

"எங்க வாரியத்துல பொருளுக்கு ஆஜர் உண்டும்மா" என்றார் அவர் பெருமையாக. "மத்தியானம் ஒரு தடவ, சாயங்காலம் மணி அடிச்சதும் ஒரு தடவ. ஏணி, வாளி, சுத்தியல் எதுவா இருந்தாலும் ஸ்டோருக்கு வந்து நின்னு ஆஜர் குடுக்கணும். மனுஷன் லீவு போடலாம். மனுஷனுக்குக் காய்ச்சல் வரும், கல்யாணம் வரும். ஏணிக்கு என்ன வரும்?"

"ஆளு மேல இருக்கும்போது ஏணிய எடுப்பாங்களா சார்?"

"ஆள் மேல இருக்கறது ஆளோட விஷயம். ஆஜர் ஏணியோட விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. ஆஜர் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்திருப்பேன். அதுக்குள்ள சொல்லு போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"ஆய்வுக்கு."

அவர் விளக்கினார். ஸ்டோரைவிட்டு ஒரு பொருள் வெளியே போக வேண்டுமானால் அது பயன்படப்போகும் இடத்தைச் சொல்ல வேண்டும். காலையில் 'கோபுர உச்சி' என்று சொல்லி ஏணி போயிற்று. பன்னிரண்டு மணிக்கு ஏணி ஆஜருக்கு வந்தது. வந்த சூட்டோடு மாடியிலிருந்து உத்தரவும் வந்தது. மிக உயர்ந்த இடத்தைக் குறிக்கும் சொற்கள் அனைத்தும் மறு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன, 'உச்சி' நிறுத்திவைக்கப்பட்டது.

"அப்ப மேலன்னு வெச்சுக்குங்களேன்."

"எது மேல? மேசை மேலயா, மாடி மேலயா? மேலன்னு வாங்கிட்டுப் போய் மேகத்துல சாத்துனா யாரு பொறுப்பு?"

மேகம் என்றதும் அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. டப்பாவை இடுக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள்.

மொட்டை மாடியிலிருந்து நாலு ஆள் உயரத்துக்கு வழுவழுவென்று எழும்பி நின்றது கோபுரம். அதன் தலையில், ஒருவன் மட்டும் உட்காரக்கூடிய பலகைக் கல்லில், தம்பி குமிழைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். குமிழில் பாதி வெள்ளி, பாதி துரு. அவன் மூஞ்சியிலும் அப்படித்தான். அவனுடைய சட்டையும் அதிலிருந்த செல்போனும் கீழே மாடித் தரையில் கிடந்தன. பக்கத்தில் நீளமாக ஒரு கம்பி.

"என்னடா இது?"

"இடிதாங்கிக்கா. பெயிண்ட் அடிக்கத் தோதா இல்லன்னு கழட்டிக் கீழ வெச்சேன்."

அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். அந்த வட்டாரத்திலேயே உயரமான கட்டடம் அது. இடி விழுந்தால் வேறு முகவரி தேடாது.

"சாப்பாடு தூக்கிப் போடட்டுமா?"

"ரெண்டு கையும் இத கட்டிக்கிட்டு இருக்குக்கா. எதால புடிக்கிறது?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "காத்து வேற வருது. சீக்கிரம் ஏதாவது பண்ணு" என்றான். எதற்கும் பயப்படாதவன் அப்படிச் சொன்னது அவளுக்குத் தாங்கவில்லை.

தீயணைப்பு நிலையத்துக்கு அவள் போன் போட்டாள். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்தக் கட்டடம் என்று விசாரித்தார். சொன்னதும் பெருமூச்சு விட்டார்.

"அங்க வர்றதுக்கு வாரியமே கூப்பிடணும்மா. போன தடவ அவங்க சமையல்கட்டு பத்திக்கிட்டப்ப போனோம். தீயா நெருப்பான்னு முடிவாகட்டும்னு வாசல்லயே நிக்க வெச்சுட்டாங்க. அது முடிவாகறதுக்குள்ள சாம்பல்னு முடிவாயிடுச்சு."

வெளியிலிருந்து ஏணி கொண்டுவரலாமா என்று காவலாளியைக் கேட்டாள். வெளி ஏணி இங்கே ஆஜர் கொடுக்க முடியாது, ஆஜர் கொடுக்காத ஏணி உள்ளே வர முடியாது என்றான். இனி மிச்சம் இருந்தது ஆய்வுக் குழு ஒன்றுதான். இரண்டாம் மாடியில் கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

நீள மேசை. தலைமாட்டில் வாரியத் தலைவர். இரு பக்கமுமாக மொத்தம் மூன்று உறுப்பினர்கள். சிகரத்துக்காக ஒருவர், முகட்டுக்காக ஒருவர், முடிக்காக ஒருவர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மலையின் தலைக்குக் குடுமி என்றும் பழைய பெயர் உண்டு. அந்தச் சொல்லுக்கு யாரும் வாதாடவில்லை, ஆனால் நடந்துகொண்டிருந்தது குடுமிப்பிடிதான்.

"சார், என் தம்பி மேல மாட்டிக்கிட்டான். ஏணி வேணும்."

தலைவர் அவளைக் கனிவாகப் பார்த்தார். "உட்காரும்மா. உன் தம்பிக்காகத்தான் இவ்வளவு பேரும் சாப்பிடாம உட்கார்ந்திருக்கோம்" என்றார். மேசையில் காலித் தட்டுகள் இருந்தன.

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்த மாத்திரத்தில் வலது கால் தானாக மிதிக்க ஆரம்பித்தது. மனசு பதறினால் அவளுக்கு அப்படித்தான். காலுக்கடியில் மிஷின் இல்லாவிட்டாலும் கால் தைத்துக்கொண்டேயிருக்கும்.

"முகடுன்னா வீட்டுக் கூரையோட முதுகு" என்றார் முகட்டுக்காரர். "ரெண்டு சரிவும் சேர்ற நீளமான கோடு. அலைக்கும் முகடு உண்டு. ஆக, முகட்டுல பல பேர் வரிசையா உட்காரலாம். அது ஜனநாயகமான சொல்."

"இந்தக் கோபுரத்துல ஒருத்தன்தான் உட்கார முடியும்" என்றார் சிகரக்காரர். "அதனால சிகரம். மலைக்கு மட்டுமில்ல, எது ஓங்கி நின்னாலும் அதுக்குச் சிகரம் உண்டு. வடக்கேருந்து வந்த சொல்தான், ஆனா வந்து எவ்வளவோ காலமாச்சு. வாடகைக்கு இருந்தவங்க வீட்டுக்காரங்களாகலையா?"

முடிக்காரர் மேசையைத் தட்டினார். "முடியறதுதான் முடி. ஒரு பொருள் எங்க முடியுதோ அது அதோட முடி. மலை முடிஞ்சா முடி, தலை முடிஞ்சா முடி, ராஜா தலையில வெச்சா அதுவும் முடி. இவ்வளவு தெளிவான சொல் இருக்கும்போது சிகரம் எதுக்கு?"

"கோபுரம் குமிழ்ல முடியுதா, குமிழைக் கட்டிக்கிட்டிருக்கிற ஆளுல முடியுதா?" என்றார் சிகரக்காரர்.

எல்லோரும் இந்தக் கேள்வியின் ஆழத்தில் சந்தோஷமாக மூழ்கினார்கள். தூரத்தில் ஓர் உறுமல் கேட்டது. தையல்காரியின் கால் வேகமாக மிதித்தது.

"சார், உச்சின்னே இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். "எல்லாரும் சொல்றதுதானே. உச்சந்தலையில எண்ணெய் வெக்கறோம், உச்சி வெயில்ல நிக்காதேன்னு புள்ளைங்கள அதட்டறோம்."

"அதுதாம்மா சிக்கல்" என்றார் தலைவர். "எல்லாரும் சொல்றாங்க. எல்லாரும் சொன்னா அப்புறம் நாங்க எதுக்கு? உச்சி இங்கயே பொறந்ததா, உச்சம்ங்கிற வடசொல்லுக்குச் சொந்தமான்னு அறிஞர்களுக்குள்ள கருத்து வேறுபாடு இருக்கு. பிறப்பு தெரியாத சொல்லை நம்பி ஒரு ஆளை இறக்க முடியுமா? நாளைக்கு உன் தம்பி விழுந்தான்னா, எங்கேருந்து விழுந்தான்னு உறுதியாச் சொல்ல முடியாதே. அவனுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு."

முகட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பிற மொழிகளையும் பார்க்கணும். சினிமாவுல கிளைமாக்ஸ்னு சொல்றோமே, உச்சகட்டம்னு, அது கிரேக்கச் சொல். அதோட மூலப்பொருள் என்ன தெரியுமா? ஏணி."

தையல்காரி சட்டென்று எழுந்து நின்றாள். வந்ததிலிருந்து அந்த அறையில் அந்தச் சொல்லை வேறு யாரும் சொல்லவில்லை.

"அதேதான் சார். ஏணி. எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

"கிரேக்க ஏணிம்மா" என்றார் முகட்டுக்காரர் வருத்தத்தோடு. "படிப்படியா ஏறிப் போறதுதான் அந்தச் சொல்லுக்கு முக்கியம். ஏறி நின்ன இடத்துக்கு அந்தப் பேரு பின்னாலதான் வந்துது. நம்ம ஆளு ஏற்கெனவே ஏறிட்டான். அதனால அது இங்க பொருந்தாது."

அவள் உட்காரவில்லை. தலைவர் இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றி, தீர்ப்புச் சொல்கிற குரலுக்கு மாறினார்.

"இப்ப ஒண்ணு மட்டும் தெளிவு. அதுக்கு மேல எதுவும் இல்லைன்னா அதுதான் உயர்ந்த இடம். குமிழுக்கு மேல இந்தப் பையனோட தலை இருக்கு. ஆக இந்த நிமிஷம் இந்தக் கட்டடத்தோட மிக உயர்ந்த இடம் உன் தம்பி தலை."

"அதைத்தான் சார் கீழ இறக்கச் சொல்றேன்."

"இறக்கினா அது உயர்ந்த இடமா இருக்காதே. ஆய்வு செய்ற பொருளை ஆய்வு முடியறதுக்கு முன்னாடி அப்புறப்படுத்தறது முறையில்ல. அவன் அங்க இருக்கறது மொழிக்குச் செய்ற தொண்டு. சொல்லிப் பாரு, சந்தோஷப்படுவான்."

ஜன்னல் கண்ணாடி ஒரு முறை வெளிச்சமடித்து அணைந்தது. தையல்காரிக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. மேசையைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. கவிழ்த்தால் மேசைக்கு ஒரு குழு போடுவார்கள். அப்போதுதான் அவள் தலைவரின் கோட்டைக் கவனித்தாள். தோள்பட்டையில் பஞ்சு வைத்து உயர்த்தித் தைத்தது. எத்தனையோ பேருக்கு அவள் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறாள். இருக்கிற உயரம் போதாதவர்கள்தான் அதைக் கேட்டு வருவார்கள்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்" என்றாள் பணிவாக. "இவ்வளவு பெரிய ஆராய்ச்சி. கீழ உட்கார்ந்தே பண்றீங்களே, அந்த இடத்துல போய் நிக்க வேண்டியது உங்கள மாதிரி ஒருத்தர்தானே? எங்க தம்பிக்கு அங்க என்ன தெரியும்? பெயிண்ட் அடிக்கிறவன்."

தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. (வாரியத்துக்கு வெளியே இருந்து எழுதுகிறேன், எனக்குத் தடையில்லை.)

"கள ஆய்வு" என்றார் மெல்ல. "ஏன்யா, உங்களுக்கெல்லாம் இது தோணலையே."

கள ஆய்வுக்கு ஏணி வேண்டும். ஏணிக்கு இடத்தின் பெயர் வேண்டுமே என்று அவள் பயந்தாள். அந்தப் பயம் அநாவசியம். தலைவர் நேரில் ஸ்டோருக்கு வந்து கேட்டால் இடம் கேட்கக் கூடாது என்று விதி இருந்தது. தலைவர் எங்கே நிற்கிறாரோ அது தலைமையிடம். அந்தச் சொல் எப்போதோ நிர்ணயமாகிவிட்டது. பண்டகக் காப்பாளர் எழுந்து நாற்காலியை நகர்த்தினார். ஏணி வெளியே வந்தது.

பலகைக் கல்லில் ஒருவருக்குத்தான் இடம் என்பதால் தம்பி முதலில் இறங்கினான். கால் தரையில் பட்டதும் அப்படியே உட்கார்ந்தான். அக்கா அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அந்தக் கையாலேயே அவன் தலையைத் தடவினாள். வெள்ளி அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. தலைவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஏறினார். மேலே போய்க் குமிழைப் பிடித்தபடி ஊரைப் பார்த்தார். அவர் முகத்தில் பிறந்ததற்குப் பயன் கிடைத்துவிட்ட தெளிவு இருந்தது.

"இங்கேருந்து பார்த்தா எல்லாமே சின்னதா இருக்குய்யா" என்று கீழே சொன்னார். உறுப்பினர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்துச் சாயங்கால மணி அடித்தது.

மாடிக்கு இரண்டு பியூன்கள் வந்தார்கள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏணியை ஆளுக்கு ஒரு முனை தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உறுப்பினர்களும் தடுக்கவில்லை, ஆஜர் நேரத்தில் பொருளைத் தடுப்பது குற்றம். தலைவர் ஒரு நிமிஷம் கழித்துத்தான் கீழே பார்த்தார்.

"ஏணி எங்கய்யா?"

"ஆஜருக்குப் போயிருக்கு சார்" என்றார் முகட்டுக்காரர். "நீங்க நேர்ல வந்து கேட்டா உடனே குடுத்துடுவாங்க."

"நான் எப்படிய்யா வர்றது?"

"அதுக்கு ஏணி வேணும் சார். ஏணிக்குச் சொல் வேணும். நாங்க சிகரம், முடின்னு பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்."

முதல் துளிகள் விழுந்தன. பளீரென்று ஒரு மின்னல். பின்னாலேயே கட்டடம் அதிர ஓர் இடி. தலைவர் குமிழை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். அவர் குரல் கீச்சென்று வந்தது.

"எந்தச் சொல்லா இருந்தா என்னய்யா. ஏதாவது ஒண்ணச் சொல்லி ஏணியக் கொண்டுவாங்க."

எழுதிக்கொண்டிருந்த மூன்று பேனாக்களும் நின்றன. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவரின் வாய்மொழி வாரியத்தின் தீர்ப்பு. எந்தச் சொல்லானாலும் பரவாயில்லை என்பது தீர்ப்பானால், நாளைக் காலையில் வாரியம் எதற்கு, உறுப்பினர்கள் எதற்கு?

"காத்து ஜாஸ்தி" என்றார் சிகரக்காரர் கடைசியில். "சரியா காதுல விழல."

"எனக்கும் விழல" என்றார் முடிக்காரர்.

மூவரும் நனையாத இடமாகப் பார்த்துப் படிக்கட்டுக்குள் போய், அங்கே நின்று முகட்டைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார்கள்.

"வாக்கா போலாம்" என்றான் தம்பி. "கெடக்கட்டும். அவரும் தொண்டு செய்யட்டும்."

அவள் மொட்டை மாடி வாசல் வரை போனாள். நியாயமாகப் பார்த்தால் போயிருக்க வேண்டும். ஆனால் மேலேயிருந்து இப்போது வார்த்தை எதுவும் வரவில்லை. ஒரு வயசான ஆள் முனகுகிற சத்தம்தான் வந்தது. மத்தியானம் தம்பி "சீக்கிரம் ஏதாவது பண்ணு" என்று சொன்ன குரல்தான் அது. குமிழைக் கட்டிக்கொண்டிருந்த ஆள்தான் வேறு. அவள் திரும்பி ஸ்டோருக்கு நடந்தாள்.

பண்டகக் காப்பாளர் ஆஜரை முடித்து வீட்டுக்குப் போயிருந்தார். நாற்காலி காலியாக இருந்தது. கதவை ஒரு பேச்சுக்குத் தள்ளிப் பார்த்தாள். திறந்துகொண்டது. பூட்டு இல்லை, பூட்டுப் போடக் கொக்கிகூட இல்லை. ஏணி சுவரில் சாய்ந்து நின்றது. ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். துணி மூட்டையைவிட லேசாக இருந்தது.

மத்தியானம் அவள் இந்த ஏணிக்கு எதிரேதான் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தடுத்தது ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த ஒரு மனுஷன். கண் எரிந்தது. அது அவர்கள்மேல் வந்த கோபமா, தன்மேலேயே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னக்கா?" என்றான் பின்னால் வந்த தம்பி.

"ஒண்ணுமில்ல. அந்தப் பக்கம் புடி."

மழையில் ஏணியைச் சாத்தினார்கள். தம்பி அடியைப் பிடித்துக்கொண்டான். தலைவர் ஒரு காலை முதல் படியில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். நனைந்த தோள்பஞ்சு இரண்டு பக்கமும் தொங்கியது.

"இது எந்த இடத்துக்குன்னு சொல்லி வாங்கினது?" என்று கேட்டார்.

"யாரையும் கேக்கல சார். எடுத்துட்டு வந்தோம்."

தலைவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அப்போது விழுந்த இடி பக்கத்துத் தென்னை ஒன்றின் தலையைக் கொளுத்தியது. அதற்குப் பிறகு அவர் எப்படி இறங்கினார் என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது கீழே இருந்தார். நேராகப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். உள்ளேயிருந்து முகடு, சிகரம் என்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதில் அவர் குரலும் சேர்ந்துகொண்டது.

அக்காவும் தம்பியும் ஏணியைத் திருப்பி வைக்கவில்லை. மறந்ததா, மனசில்லாததா, அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் ஏணி ஆஜருக்கு வரவில்லை. வாரியம் அல்லோலகல்லோலப்பட்டது. தேடிப் போய், கோபுரத்தில் சாய்ந்து நிற்பதைக் கண்டுபிடித்தார்கள். எடுக்கத்தான் முடியவில்லை. ஒரு பொருளை ஸ்டோருக்குள் எடுப்பதானால் எங்கிருந்து வருகிறது என்று சொல்லியாக வேண்டும். நேற்றுச் சாயங்காலம் தலைமையிடத்திலிருந்து என்று சொல்ல முடிந்தது, இன்று தலைவர் அங்கே இல்லை. இந்த முறை ஏணி யார் சொல்லியும் போகவில்லை. அது சாய்ந்திருக்கும் இடத்துக்குப் பெயர் இன்னும் ஆய்வில் இருக்கிறது. பண்டகக் காப்பாளர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, மரியாதையாக ஒதுங்கிப் போனாராம்.

காவலாளி வந்து இதைச் சொன்னபோது தையல்காரி ஒரு கைமடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்த தம்பி எழுந்து பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்தான்.

அவள் கால் நின்றது. "எங்கடா கெளம்பிட்ட?"

"மீதிப் பாதிய அடிச்சுட்டு, இடிதாங்கிய மாட்டிட்டு வந்துடறேன்."

"நேத்து பட்டது போதாதா?"

"நேத்துதான்க்கா பயம்" என்று சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். "இனிமே அந்த ஏணிய யாராலயும் எடுக்க முடியாது."